தென்காசிச் சீமை – 14: எட்டணா டிக்கெட்டும் இருபத்தைந்து ரூபாய்ப் பங்கும்

1906-இல் ஒரு பவுன் 15 ரூபாய். சர்க்காரே நிர்ணயித்திருந்த மாற்றுக் கணக்கு இது. அந்த வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி தூத்துக்குடியில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்கு ஒன்று 25 ரூபாய், அதாவது ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய். மிராசுதாருக்கும் மண்டிக்காரருக்கும் 25 ரூபாய் பெரிய காசில்லை. ரெண்டு கோட்டை விதைப்பாட்டை வைத்துக்கொண்டு சிற்றாற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைத்த குடும்பத்தில், வீட்டுப் பெண்களின் காதிலோ கழுத்திலோ இருந்து கழற்றினால்தான் அந்தப் பணம் கைக்கு வரும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றி இதுவரை வந்த நூல்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். கப்பல் வாங்கியவர், செக்கிழுத்தவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கப்பலுக்குப் பணம் போட்டவர்கள் பக்கம்தான் வெளிச்சம் குறைவு. இந்த அத்தியாயம் அவர்கள் பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்கிறது.

போன அத்தியாயத்தில், 1904-இல் மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் ரயில் போன கதையைப் பார்த்தோம். அந்தப் பாதையின் கிழக்கு முனையைப் பிடித்தால் நேரே கடல்தான். செங்கோட்டையில் ஏறினால் தென்காசி, திருநெல்வேலி, மணியாச்சி. மணியாச்சியில் பாதை பிரிந்து தூத்துக்குடிக்குப் போகும். அங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் கொழும்பு. குற்றாலத்துச் சாரல் நின்று, விதைப்பும் முடிந்து, கையில் வேலை இல்லாத மாதங்களில் கங்காணிகள் ஊருக்குள் வருவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போவார்கள். கூலிக்காரர்கள் மட்டுமில்லை, கொழும்பில் கடை போட்ட வியாபாரிகள், கணக்குப்பிள்ளைகள், போன புருஷனைத் தேடிப் போன பெண்கள் என்று திருநெல்வேலிச் சீமையின் பாதி உறவுமுறை கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தது. தென்காசிக்காரனுக்குக் கொழும்பு, சென்னைப் பட்டணத்தைவிடப் பழகின ஊர்.

அந்தக் கடல்வழியை வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1856-இல் வில்லியம் மக்கினன் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கு மேல் கப்பல்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து ரங்கூன் வரைக்கும் அவர்கள் வைத்ததுதான் கட்டணம். தூத்துக்குடியில் அவர்களுக்கு ஏஜென்ட் ஏ அண்ட் எஃப் ஹார்வி. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரை வைத்து நூற்பாலை நடத்திய அதே ஹார்வி. தூத்துக்குடி கோரல் மில்லும் அவர்களுடையதே. கப்பலும் ஆலையும் ஒரே கையில் இருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1908-இல் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான்.

புதுக் கம்பெனிக்குத் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்ச ரூபாய், எடுத்துக்கொண்டார். மீதி 32,000 பங்கை ஊர் ஊராகப் போய் விற்க வேண்டும். அந்த வேலை உதவிச் செயலாளர் வ.உ.சி.யின் தலையில். இந்தியர், இலங்கையர் முதலான ஆசியர்களுக்கு மட்டுமே பங்கு என்று விதியே எழுதிவைத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சந்தையில் பங்கை வாங்கிக் குவித்து உள்ளே நுழைந்துவிடக்கூடாது என்ற முன்யோசனை அதில் தெரிகிறது. வக்கீல் மூளை.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பங்கு என்பது புதுசு. நூறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்து மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் லவங்கப்பட்டையும் பயிரிட்டுப் பார்த்தபோது, இங்குள்ளவர்களுக்கு அதில் இருந்த இடம் மண்வெட்டி பிடிக்கிற இடம். கம்பெனி என்றால் மேலே இருந்து ஆளுகிற ஒன்று. தானும் அதில் ஒரு சிறு துண்டுக்குச் சொந்தக்காரன், லாபம் வந்தால் தனக்கும் ஒரு பங்கு என்பது பெரிய மாற்றம். அதே மாதிரி நஷ்டம் வந்தாலும் தனக்கு ஒரு பங்கு. அதை அப்போது யாரும் மேடையில் விளக்கியிருக்க மாட்டார்கள்.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. கம்பெனியிடம் பணம் இருந்தது, கப்பல் இல்லை. பம்பாயில் ஷாலைன் ஸ்டீமர்ஸிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் ஷாலைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். வாடகைக் கப்பலை நம்பினால் எந்த நாளும் இதே கதிதான் என்று தெரிந்துபோயிற்று. சொந்தக் கப்பலோடுதான் திரும்புவது, இல்லையென்றால் திரும்புவதில்லை என்று சபதம் செய்து பம்பாய்க்குப் போனார். திலகர் ஆதரவு கொடுத்தார். 1907-இல் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றது, பின்னால் எஸ்.எஸ். லாவோ. பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகை கொண்டாடித் தீர்த்தது.

கடலில் வந்து நின்றது என்றால், கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தள்ளி. தூத்துக்குடியில் அப்போது கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல் எதுவும் கிட்டே வர முடியாது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பிரயாணி பாலத்தடியில் படகில் இறங்க வேண்டும். அலை ஆட்டுகிற ஆட்டத்தில் கப்பலுக்குப் போய்ச் சேருமுன்பே பாதிப் பேருக்கு வாந்தி. அந்தப் படகுக்கும் செலவு உண்டு. கப்பல் கம்பெனி நடத்துவது என்றால் கப்பல் ஓட்டுவது மட்டுமில்லை. நிலக்கரி, மாலுமிச் சம்பளம், துறைமுக வரி, படகுக்காரர் கூலி, கொழும்பில் ஏஜென்ட், கப்பல் சும்மா நங்கூரமிட்டு நின்றாலும் ஆகிற தினச் செலவு எல்லாம் சேர்ந்தது. போட்டிக் கம்பெனிக்கு இதெல்லாம் ஐம்பது வருஷப் பழக்கம்.

காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏறும்.

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஆளுக்கு ஒரு ரூபாய். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பிரிட்டிஷ் கம்பெனி இலவசம் என்றது. அதோடு நிற்கவில்லை, ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தது. இந்தக் குடை விவகாரம் வ.உ.சி. வரலாற்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற கட்டம். தேயிலைத் தோட்டத்து மழைக்குப் போகிறவனுக்குக் குடை சின்னச் சாமான் இல்லை.

பங்கு வாங்கியவர் சிரித்திருக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண வகுப்பு முழுக்க நிரம்பி 1,300 பேரும் எட்டணா கொடுத்தால் ஒரு நடைக்கு வசூல் 650 ரூபாய். இருபத்தாறு பங்கின் விலை. ஒரு இடம்கூடக் காலியில்லாமல் நிறைந்தால் இது. பாதிக் கப்பல் காலியென்றால் 325. பத்து லட்சம் மூலதனம் தேடிய கம்பெனி, இரண்டு நீராவிக் கப்பல்களுக்குக் கரி போட்டுக்கொண்டு, இந்த வரவில் எத்தனை மாதம் ஓட முடியும்? சரக்கு கைகொடுத்தால் உண்டு. சரக்கு அனுப்புகிற மண்டிக்காரரோ, இந்தக் கம்பெனி அடுத்த வருஷம் இருக்குமா, பழைய கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு நம் மூட்டையை ஏற்றுவானா என்று யோசிக்கிறவர்.

சுதேசி வரலாறு எழுதியவர்கள் அதிகம் தொடாத இடம் இது. கட்டணப் போரில் லாபம் அடைந்தவன் பிரயாணி. இழந்தவன் பங்குதாரன். திருநெல்வேலிச் சீமையில் இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் பெயரில் பங்கு இருக்கும், தம்பி இலவசக் கப்பலில் குடையோடு கொழும்புக்குப் போவான். போகாதே என்று அண்ணன் எப்படிச் சொல்வது? அப்படியும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் உண்டு. அந்தப் பிடிவாதம்தான் கம்பெனியை அத்தனை நாள் தாக்குப்பிடிக்க வைத்தது. கோயில் வாசலிலும் சந்தையிலும் வ.உ.சி.யும் அவர் தோழர் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சை ஒரு வகையில் கம்பெனியின் விளம்பரச் செலவு என்றே சொல்லலாம். அந்த ஒரு செலவில் மட்டும் பிரிட்டிஷ் கம்பெனியால் போட்டி போட முடியவில்லை.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1884-இல் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத், கிழக்கு வங்காளத்தில் பரிசாலுக்கும் குல்னாவுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். ஃப்ளோட்டில்லா என்ற வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்கு வந்தது. பரிசால் இளைஞர்கள் ஜோதிரிந்திரநாத்துக்காகத் துறையில் நின்று ஆள் சேர்த்தார்கள். கட்டணம் குறைந்து குறைந்து கடைசியில் இலவசமாகி, ஏறியவர்களுக்குத் தின்பண்டம் கொடுக்கிற வரைக்கும் போனது. ஒரு படகு முழுகியும் போய், மனிதர் கடனோடு வீடு திரும்பினார். 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பான்காரர்களோடு சேர்ந்து பருத்தி ஏற்ற ஒரு கப்பல் தடம் தொடங்கினார். பி அண்ட் ஓ கம்பெனி சரக்குக் கூலியை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. டாட்டாவின் தடம் தாக்குப்பிடிக்கவில்லை. இந்த இரண்டிலும் பணம் போட்டவர்கள் சீமான்கள், விழுந்தாலும் வீடு இருந்தது. தூத்துக்குடிக் கம்பெனி வித்தியாசப்படுவது அந்த 25 ரூபாயில்தான்.

நம் காலத்திலும் இதே சங்கதி ஆகாயத்தில் நடக்கிறது. 2012 நவம்பரில் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து ஃபாஸ்ட்ஜெட் என்ற மலிவுக் கட்டண விமானம் பறந்தது. பஸ்ஸில் போகிறவனை விமானத்தில் ஏற்றுவோம் என்பது அவர்கள் பேச்சு. லண்டன் பங்குச் சந்தையின் சிறு நிறுவனப் பிரிவில் அதன் பங்கு விற்றது. சிறு முதலீட்டாளர்களும் அதை வாங்கினார்கள். 2018-இல் தான்சானியாச் சேவை நின்றது. 2020-இல் பங்கே சந்தைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. நம் நாட்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2006-இல், சரியாக வ.உ.சி.க்கு நூறு வருஷம் கழித்து, பங்கு வெளியிட்டது. சந்தைக்கு வந்த முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. பிறகு கிங்ஃபிஷர் கைக்குப் போய், கிங்ஃபிஷரும் 2012-இல் தரையிறங்கியது. 2019 ஏப்ரலில் நின்றுபோன ஜெட் ஏர்வேஸ் மறுபடி பறக்கும் என்று அதன் பங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டபோதுதான் கதை முடிந்தது. இன்றைக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் செல்போனில் பங்கு விலை பார்த்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியும். அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக் காலியா தெரியாது.

தூத்துக்குடிக்குத் திரும்புவோம். கட்டணத்தால் மட்டும் முடியாததை அதிகாரம் முடித்துவைத்தது. சுங்கச் சோதனை, வைத்தியச் சோதனை என்று சுதேசிக் கப்பலை மட்டும் பிடித்துத் தாமதப்படுத்துகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் புகார் சொன்னார்கள். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் முன்னின்றார்கள். ஹார்வி இறங்கிவர வேண்டியதாயிற்று. கடலிலும் ஆலையிலும் ஒரே நிறுவனத்துக்கு ஒரே ஆளால் தொந்தரவு. மார்ச் 12-இல் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் பிறகு ஆறு வருஷமாகக் குறைந்தது.

வாரா வாரம் மேடையேறிப் பங்கையும் டிக்கெட்டையும் விற்றவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுக்கிறார். கம்பெனியின் பேரைச் சொன்னாலே போலீஸ் பட்டியலில் பேர் ஏறுமோ என்று பயந்த காலம் அது. புதுசாக யார் பங்கு எடுப்பார்கள்? எடுத்தவர்களில் யார் அதை வெளியே சொல்வார்கள்? 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்கள் விலைபோயின. அதில் ஒன்று பிரிட்டிஷ் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கலைப்பில் வரிசை எப்போதும் ஒன்றே: கடன் கொடுத்தவர்களுக்கு முதலில், பங்குதாரருக்குக் கடைசியில்.

அதே 1911, ஜூன் 17. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்ட மாதம். தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து, பிறகு திருநெல்வேலிக் கலெக்டராக உயர்ந்த ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பி மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக, கொழும்புக் கப்பல் பிரயாணிகளை ஏற்றிவருகிற அந்த வண்டிக்காகத்தான், அவர் பெட்டி காத்திருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் ஏறிச் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஐந்து மைலில் இருந்த தென்காசியோ பிரிட்டிஷ் சீமை. புனலூரில் வனத்துறை வேலையில் இருந்த வாஞ்சி, திருவிதாங்கூர் மகாராஜாவின் சம்பளக்காரர். இந்த எல்லை 1956 நவம்பரில்தான் அழிந்தது.

கப்பல் கம்பெனியை அழித்ததற்குப் பழிவாங்கவே ஆஷ் கொல்லப்பட்டார் என்று சினிமாவிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலையும் தர்மத்தையும் பற்றிப் பேசுகிறது. கப்பலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆஷ் தூத்துக்குடியில் நடந்துகொண்ட விதத்தை ஊர் மறக்கவில்லை என்பது நிஜம். அதையும் இந்தத் துப்பாக்கியையும் நேர்கோட்டில் இணைக்கிறவர்கள் கடிதத்தை இன்னொரு தடவை படிப்பது நல்லது.

கம்பெனி 1911-இல் விழாமல் இருந்திருந்தால்? பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தூத்துக்குடியை விட்டுவிட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு இருபது மைல் சொச்சம்தான் கடல். ராத்திரி முழுக்கக் கப்பலில் புரண்ட பிரயாணி ஒரு சில மணி நேரத்தில் இலங்கைக் கரையில் இறங்கினான். தென்காசிக்காரர்களும் மதுரை சுற்றி மண்டபம் போகத் தொடங்கினார்கள். எட்டணா டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்ட தடத்திலிருந்து கூட்டமே விலகிப்போனது. சுதேசிக் கம்பெனி உயிரோடிருந்தால், இந்த முறை அதற்கு எதிராளி பிரிட்டிஷ் கப்பலில்லை, தென்னிந்திய ரயில்வே.

வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் போயிருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றவே திண்டாட்டம். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. அது சம்பந்தமாக இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. கம்பெனிப் பங்காகக் கணக்கிட்டால் பதினாலு பங்குக்கு இரண்டேகால் ரூபாய் குறைச்சல்.

1919 ஏப்ரல் 5-இல் சிந்தியா என்ற இன்னொரு சுதேசிக் கப்பல் கம்பெனியின் ‘லாயல்ட்டி’ கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியபோது, பிரிட்டிஷ் கம்பெனிகள் பழைய ஆயுதத்தையே எடுத்தன: கட்டணக் குறைப்பு. இந்த முறை எதிரில் இருந்தவர்கள் வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும். பம்பாய்ப் பணம் நாலு வருஷம் தாங்கியது. 1923-இல் பிரிட்டிஷ் கம்பெனிகளின் தலைவர் இஞ்ச்கேப் பிரபு ஒப்பந்தத்துக்கு வந்தார். பாபநாசத்து ஹார்வி மில்களில் சங்கு முன்போலவே ஊதிக்கொண்டிருந்தது.

மணியாச்சிச் சம்பவத்துக்குப் பிறகு செங்கோட்டையிலும் தென்காசியிலும் வீடு வீடாக நடந்த சோதனை, அப்ரூவராக மாறியவர்கள் சொன்ன வாக்குமூலம், அந்த வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரிக்குக் கிடைத்த ஏழு வருஷத் தண்டனை ஆகியவை அடுத்த வாரம்.

(தொடரும்)